தாயமும் பாடும்

மக்கள் கூடி வாழும் இயல்பினர். அவர் கூடி உழைக்குமிடத்தும் கூடி வழிபடுமிடத்தும் மேற்கொள்ளும் ஒழுக்கங்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். கூடி ஆடுமிடத்து மேற்கொள்ளும் ஒழுக்கத்தையோ, அது பொழுதுபோக்குத்தானே என்று பலரும் கருதாது விடுகின்றனர். உற்று நோக்குமிடத்து, ஓர் ஆட்டத்தைச் சூழ்ந்து அமர்ந்த நால்வர் ஒரு சிறு சமுதாயமே ஆவர். வலியோனும் மெலியோனும் அங்கு ஒரே விதிக்கு உட்படுகின்றனர். தன் முறை வருங்காறும் ஒவ்வொருவனும் பொறுத்திருக்கின்றான். வழக்கு எழுந்தால் நடுவன் சொல்லுக்கு யாவரும் இசைகின்றனர். இம்மூன்றும் இல்லாத ஊரும் நாடும் நிலைபெறா. ஆதலின், ஆட்டத்தால் அமையும் கூட்டுறவைப் பற்றி யாம் கண்டும் கற்றும் அறிந்தவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எம் விடுதியில் மாணவர் அறுவர் சனிக்கிழமைதோறும் மாலையில் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து, தம்மைக் கதைமாந்தராகப் பாவித்து ஆடும் ஓர் ஆட்டத்தை ஆடி வருகின்றோம். அதன் இயல்பைப் பின்னர் விரிப்போம். அவ்வறுவருள் ஒருவர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். சென்ற விடுமுறையில் அவர் அழைக்க, யாம் அவர் ஊருக்குச் சென்றோம். எம் ஆட்டத்தின் பொருள் எமக்கு நன்கு விளங்கியது மேசையருகில் அன்று; அவ்வேரிக்கரையிலேயாம்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் இங்குக் கெல்டிரியா என்னும் கோட்டையை எடுத்து, சோழமண்டலக் கரையில் தம் வாணிகத்திற்குத் தலைமையிடமாக நெடுங்காலம் கொண்டிருந்தனர். அவர்தம் கல்லறைகள் இன்றும் காணத்தக்கன. ஏரியோ ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடப்பது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவிற்கு அடுத்தபடியாகப் பெரியது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. அந்நீரோடு இறாற்குஞ்சுகளும் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. ஆதலின், முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பே மீனவர்க்கு நன்செய் வயல் போன்றதாகும்.

யாம் சென்ற நண்பகலில், ஒரு வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்து, சிறுவர் நால்வர் தாயம் ஆடிக்கொண்டிருந்தனர். தாயக்கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றும் நீண்ட நான்கு பக்கம் உடையது. மூன்று பக்கங்களில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் இருக்கும். நான்காம் பக்கம் வெறுமையானது. இரண்டையும் உருட்டுங்கால் ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றொன்றில் வெறுமையும் விழின், அதுவே தாயம். அது விழுமளவும் ஒருவன் தன் காயைக் களத்துள் இறக்கலாகாது. எதிரியின் காயை வெட்டலாம். மலை எனப்படும் கட்டத்தில் நிற்கும் காயை மட்டும் வெட்டலாகாது. ஊருக்கு ஊர் விதிகள் சிறிது வேறுபடினும், தாயம் விழுந்தாலன்றிக் களம் புக இயலாது என்பது பெரும்பாலும் யாண்டும் ஒன்றே.

அச்சிறுவருள் இளையவனுக்கு, யாம் நின்று நோக்கிய பொழுது முழுதும் தாயம் விழவில்லை. ஏனையோர் காய்கள் பாதிக் களத்தைச் சுற்றிவிட்டன. ஆயினும் அவன் முறை வந்தபோதெல்லாம் கட்டைகள் தவறாமல் அவன் கைக்கு வந்தன. பொறுமையிழந்த மூத்தவன் ஒருவன் அவனைக் கடந்து உருட்ட முற்பட்டபோது, மற்றை இருவரும், "அவன் உருட்டட்டும்டா, அவன் முறை" என்று தடுத்தனர்.

தமிழ் பயில்வோர்க்குத் தாயம் என்னும் சொல் பிறிதொரு பொருளையும் நினைவூட்டும். தந்தைவழி வரும் உரிமைப் பொருளுக்கும் தாயம் என்றே பெயர். அதிற் பங்குடைய சுற்றத்தார் தாயத்தார் எனவும் தாயாதியர் எனவும் படுவர். கட்டையில் விழும் ஒன்றும், பிறப்பினால் வரும் பங்கும் ஒரே சொல்லால் வழங்குதல் கருதத்தக்கது. முறை என்னும் சொல்லும் அத்தகையதே. ஆட்டத்தில் ஒருவனுக்கு வரும் தடவையும் முறை. அரசன் வழங்கும் நீதியும் முறை. மாமன், மைத்துனன் என்னும் உறவும் முறை. இச்சொற்களின் பொருள்கள் யாவும் ஒருங்கே கூடி நிற்பதை யாம் அவ்வேரியிற் கண்டோம்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய பட்டினவர் குப்பங்களில் பாடு என்னும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. இறால் மிகுந்த இடங்களில் விரும்பியவர் விரும்பிய நாளில் வலையிடலாகாது. உரிமையுடையோர் குழுக்களாகப் பிரிந்து, இன்ன நாளில் இன்ன இடம் இன்னவர்க்கு என்னும் சுழற்சியிலே செல்வர். இடங்களைப் பங்கிடுதற்குச் சீட்டும் துணையாகும். உரிமை தலைக்கட்டுக் கணக்கில் எண்ணப்படும். குடும்பத்தின் பேரால் ஊர்க் கடமைகளை ஏற்கும் ஆண்மகனே தலைக்கட்டு ஆவான். வழக்கு எழின் ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டுத் தீர்ப்பர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை மற்றோரிடம் போவான். ஆதலின், நெடுங்கணக்கில் ஒருவனே மிகப் பெறுவதும் ஒருவனே மிக இழப்பதும் இல்லை. எல்லா வலையும் ஒரே நாளில் ஓரிடத்தில் விழாமையின் பூசல் குறைகின்றது. ஏரியும் சிறிது இளைப்பாறுகின்றது. கொச்சியின் உப்பங்கழியிலும் இதனையொத்த ஏற்பாடு இப்பெயராலேயே வழங்கி வந்துள்ளது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர் சீட்டெடுத்து இடம் பெறும் வழக்கினர்.

சீட்டு என்றவுடன் சூது என்று ஐயுறுவார் சிலர் இருக்கலாம். வள்ளுவர் சூதினைக் கடிந்து 94-ஆம் அதிகாரத்தை வகுத்தமை யாவரும் அறிவர். ஆயின், சூதாடுவோன் பிறன் பொருளைக் கவர்தற்பொருட்டுக் கவற்றை நாடுகின்றான். மீனவரோ ஒருவன் பிறன் பங்கைக் கவராமைப்பொருட்டுச் சீட்டை நாடுகின்றனர். கானான் தேசம் கோத்திரங்களுக்குச் சீட்டினால் பங்கிடப்பட்டதும், யூதாசின் இடத்திற்கு மத்தியா சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்டதும் இவ்வகையைச் சேர்ந்தனவே.

அன்று மாலை கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை நோக்கி, "ஐயா, இன்று தொழிலுக்குச் செல்லவில்லையா?" என்று வினவினோம். "இன்னிக்கு எங்க பாடு இல்ல, தம்பி, நாளைக்குத்தான்" என்றார் அவர். அவர் குரலில் குறையேதும் இல்லை. யாம் எம் நண்பரை நோக்கி, "உங்கள் வீட்டுப் பாடு என்றைக்கு?" என்றோம். "எங்கள் வீட்டிற்குப் பாடு கிடையாது" என்று மட்டும் அவர் மறுமொழி கூறி, நடந்தார். ஈராண்டு உடன் உண்டு உடன் பயின்றும் இதனை அறியாதிருந்தோமே என்று யாம் நாணினோம்.

பின்னரே உண்மை விளங்கிற்று. பாட்டின் உரிமை பிறப்பின் வழியது. அக்குலத்தில், அக்குப்பத்தில் பிறந்த ஆண்மகனுக்கே அது உண்டு. ஏரியைச் சூழ்ந்து பிற குலத்து மீனவரும் பலர் வாழ்கின்றனர். அவர் வளம் குறைந்த நீரிடங்களில் தொழில் செய்கின்றனர். இருளர் குலத்துப் பெண்டிர் வலையுமின்றி நீரில் அமிழ்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பாடுடைய குப்பங்களிலும் மீனைச் சுமந்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் தலைக்கட்டாக எண்ணப்படுவதில்லை. திண்ணையில் ஆடிய சிறுவனுக்குத் தாயம் விழவில்லையேனும் கட்டைகள் அவன் கைக்கு வந்தன. இவர்க்கோ கட்டைகளே வருவதில்லை.

இந்நினைவோடு ஊர் திரும்பிய பின்னரே எம் சனிக்கிழமை ஆட்டத்தின் வரலாற்றைக் கருத்துடன் கற்றோம். அதனை இனிக் கூறுவோம்.

நம் நாட்டுச் சதுரங்கம் பல நாடுகளுக்கும் பரவியது. பிற்காலத்தில், 1824-ஆம் ஆண்டளவில், பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர்க்குப் போர்ப் பயிற்சியளிக்க ரைஸ்விட்ஸ் என்பார் ஓர் ஆட்டத்தை அமைத்தார். அதில் வரைபடமும் பகடையும் உண்டு. இரு சாரார்க்கும் பொதுவாக ஒரு நடுவரும் உண்டு. 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டிற்கு விதிநூல் ஒன்று எழுதினார். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர் ஒரு புதுமை செய்தார். படைகளை ஆட்டுவிப்பதற்கு மாறாக, ஆடுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நகரத்து மாந்தர் ஒருவரின் பாத்திரத்தை அளித்தார். ஆடுவோர் தத்தம் காய்களை நகர்த்துவதை விட்டு, ஒருவரோடொருவர் பேசவும் உடன்படிக்கை செய்யவும் ஏமாற்றவும் தொடங்கினர். ஆட்டம் குலைந்துபோயிற்று என்று வெஸ்லி எண்ணினார். ஆடியவரோ மீண்டும் ஆடவேண்டும் என்று அவரை நெருக்கினர்.

அக்கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்ன்சன் என்பவரும், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் ஊரினரான கேரி கைகாக்ஸ் என்பவரும் சேர்ந்து 1974-இல் வெளியிட்டதே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம். முதற்பதிப்பு 1,000 படிகளே. லேக் ஜெனிவாவும் ஏரிக்கரையூரே என்பது குறிக்கத்தக்கது. இன்று இவ்வகை ஆட்டங்கள் எண்ணிறந்தன. நம் நாட்டு நகரங்களிலும் ஆடுவோர் உளர்.

ஆடும் முறை இது: நால்வர் ஐவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்பர். அம்மாந்தரின் ஆற்றலும் குறையும் ஒரு தாளில் எழுதப்படும். கதை நடத்துவோர் ஒருவர் இருப்பார்; அவரே நடுவரும் ஆவார். "ஆற்றில் வெள்ளம் பெருகிவிட்டது, ஓடம் அக்கரையில் நிற்கின்றது, என் செய்வீர்?" என்று அவர் வினவுவார். ஒவ்வொருவரும் தம் மாந்தர் செய்வதைச் சொல்வர். முடிவு ஐயத்திற்குரியதாயின், இருபது முகமுடைய பகடையை உருட்டுவர். ஒருவர் வென்று மற்றவர் தோற்பது இதில் இல்லை. கூடி ஒரு கதையைச் செலுத்துவதே நோக்கம். ஒரு கதை திங்கள் பலவும், சில கூட்டங்களில் ஆண்டுகள் பலவும் நீளும். ஆதலின், இவ்வாட்டத்தினர் வெறும் ஆட்டத்தோழர் ஆகாது, ஒருவர் வரவை மற்றவர் எதிர்பார்க்கும் உறவினர் போல் ஆகிவிடுகின்றனர்.

இக்கூட்டத்தினர்க்குத் தனி ஒழுக்கங்கள் சில உள. ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடலாகாது. வாய்பேசா இயல்பினரைக் கதை நடத்துவோர் பெயர் சொல்லி அழைத்து வினவுதல் கடமை. நொறுக்குத் தீனி பொதுவானது. புதுக்கதை தொடங்குமுன் யாவரும் கூடி, எவ்வகைக் கதை வேண்டும், எவை ஒருவர் மனத்தைப் புண்படுத்தும் என்பவற்றைப் பேசித் தெளிவர். அக்கூட்டத்தைப் பூச்சிய அமர்வு என்பர். விதி பொருந்தாதபோது, மேசையிலுள்ளோர் உடன்பட்டுத் தமக்கென ஒரு விதி செய்துகொள்வர். அதனை வீட்டு விதி என்பர். ஊர்தோறும் தாய விதி வேறுபடுவதும் இவ்வாறே.

கிறிஸ்தவ மாணவராகிய யாம் ஒன்றை மறைத்தல் ஆகாது. 1980-களில் அமெரிக்கத் திருச்சபையார் பலர் இவ்வாட்டம் இளைஞரைப் பேய்வழிபாட்டிற்கும் தற்கொலைக்கும் ஈர்க்கும் என்று அஞ்சினர்; 1983-இல் இதனை எதிர்க்க ஒரு சங்கமும் தோன்றிற்று. பிள்ளையை இழந்த தாயின் துயரமே அதற்குத் தோற்றுவாய்; ஆதலின் எள்ளத்தக்கதன்று. ஆயினும் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அக்குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவில்லை. அளவு கடந்தால் எவ்வாட்டமும் படிப்பைக் கெடுக்கும் என்பது உண்மை. அதற்கு இது விலக்கன்று.

இக்கூட்டத்தின் உண்மைக் குறை வேறு. தொடக்கத்தில் இது பெரும்பாலும் ஆடவர் கூட்டமாகவே இருந்தது. அக்குறையை நீக்க முற்பட்டோரும் அக்கூட்டத்தினரே. 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் லீ கோல்ட் என்னும் அம்மையார், ஆடுவோர் எழுத்துகளைத் தொகுத்து அஞ்சல்வழிப் பரப்பும் இதழ் ஒன்றைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தினார். சிதறிக் கிடந்த மேசைகள் அதனால் ஒன்றையொன்று அறிந்தன. 2020-இல் சாரா தாம்சன் என்பவர், சக்கர நாற்காலியில் அமர்ந்து வீரச்செயல் புரியும் மாந்தர்க்கு உரிய விதிகளை வகுத்து வெளியிட்டார். இவற்றினும் சிறந்ததாக எமக்குத் தோன்றுவது மற்றொன்று. முன்னைய விதிநூல்களில், கதைமாந்தர் எவ்வினத்திற் பிறந்தாரோ அவ்வினத்திற்கேற்ப வலிமையும் அறிவும் மிகும் என்றிருந்தது. பிறப்பே தகுதியைத் தருவது பொருந்துமா என்று ஆடுவோர் வழக்கிட்டனர். பல்லாண்டு வாதத்தின் பின், 2024-இல் வெளிவந்த விதிநூலில் அது மாற்றப்பட்டது. உழவர், மாலுமி, கைவினைஞர், எழுத்தர் என, ஒருவர் வளர்ந்த வாழ்வும் பயின்ற தொழிலுமே அம்மிகுதியைத் தரும் என்று வகுத்தனர்.

எம் நண்பர் எம்மோடு ஆடத் தொடங்கிய நாளில் ஓரிரு சொல்லே பேசுவார். கதையில் வெள்ளம் வந்த அம்மாலையில், நீரோட்டத்தையும் காற்றையும் கணக்கிட்டு ஓடத்தை எவ்வாறு திருப்புவது என்று அவர் விரித்துரைத்தார். யாவரும் வாய்திறவாது கேட்டோம். அதன்பின் நீர்நிலை பற்றிய எதனையும் அவரைக் கேட்டே துணிகின்றோம். அவ்வறிவு அவர்க்கு ஏரி தந்தது. மேசையில் அதற்கு மதிப்பு உண்டு. ஏரியிலோ அதனைக் கொண்டு அவர் தந்தையார் நல்லிடத்தில் வலையிட இயலாது.

ஆயின் மேசையையும் ஏரியையும் ஒன்றெனக் கூறிவிடுதல் எளிது, உண்மையன்று. மேசைக்கு மற்றொரு நாற்காலியை இழுத்துப் போட்டால் கதை குறைவதில்லை. ஏரியில் மற்றொரு வலை விழுந்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து, மீன்வளம் தளரும் காலத்தில், யாவரும் யாண்டும் வலையிடுக என்பது ஏரிக்கும் நலமன்று, எளியோர்க்கும் நலமன்று. பாடு என்னும் ஏற்பாடு அழிந்தால் வலியவன் கையே ஓங்கும். ஆதலின், பாட்டை ஒழிக்க வேண்டும் என்று யாம் கூறவில்லை. யாம் கூறுவது, அதுவும் மக்கள் கூடிச் செய்த விதியே என்பது. கூடிச் செய்ததைக் கூடித் திருத்தலாம். ஏரியின் நலத்தைப் பற்றிப் பேசும் அவையில் பாடில்லாதவரும், இருளரும், பெண்டிரும் அமர்ந்து தம் சொல்லைச் சொல்லலாகாதா? அங்ஙனம் சொல்வதால் மீன் குறைவதில்லையே.

எண்ணாகமத்தில் ஒரு செய்தி உண்டு. செலோப்பியாத் என்பவன் ஆண்மகவின்றி இறந்தான். அவன் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன்னும் சபையார் முன்னும் வந்து நின்று, தம் தகப்பனுடைய பங்கு தமக்கு ஏன் இல்லாமற்போக வேண்டும் என்று கேட்டனர். அவர் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாயிற்று. அன்று முதல் விதியும் திருந்திற்று. சீட்டுப்போட்டு நாட்டைப் பங்கிட்ட அதே மக்கள்தாம், சீட்டில் பெயரில்லாதவர் வந்து கேட்டபோது செவிசாய்த்தனர். நம் தமிழ் வேதத்தில் அப்பங்கிற்குச் சுதந்தரம் என்று பெயர். நம் முன்னோர் அதனையே தாயம் என்றனர்.

அன்பர்காள்! நம் கல்லூரியிலும் வகுப்பறை, விடுதி, சங்கம், ஆடுகளம் என்று எத்தனையோ வட்டங்கள் உள. அவற்றுள் நாம் அமர்ந்திருக்கையில், நமக்குத் தாயம் விழுந்ததா என்பதையே நோக்குகின்றோம். நம்மருகே கட்டைகள் கைக்கு வாராமலே ஒருவர் காத்திருக்கின்றாரா என்பதையும் நோக்குவோமாக. "அவன் உருட்டட்டும்" என்று அத்திண்ணைச் சிறுவர் இருவர் கூறிய சொல்லை, கல்வி கற்ற நாமும் கூறக் கற்போமாக.